திரும்ப வாங்காத விண்ணப்பம்

அந்தக் காலையில் என் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? ஆறு வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் தோன்றும். மறுநாள் அது எனக்கே சமாதானமாகப் படாது. நடந்ததை வரிசையாக எழுதினாலாவது விடை கிடைக்குமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் பி.காம். படித்தேன். வகுப்பில் பெண்கள் ஐந்து பேர். ஜன்னல் ஓரம் முதல் இரண்டு பெஞ்சுகள் எங்களுடையவை. ஆசிரியர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் பக்கம் தலையைத் திருப்பாமல் பாடம் நடத்துவதுதான் அவர்களுக்கு மரியாதை, எங்களுக்கும் அதுதான் பழக்கம். வருகை எடுக்கும்போது எண்ணைக் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கமிருந்து ஒரு பெண் குரல் 'ப்ரெசென்ட் சார்' என்றால் டிக் விழும். யாருடைய குரல் என்று எவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

எனக்கு அடுத்த எண்ணுக்குரியவள் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்தாள். மீனவக் குடும்பம். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் பள்ளிக்கூடத்தில் தாமதமாகத்தான் சேர்ந்தாளாம். அதனால் எங்களைவிட ஒரு வயது மூத்தவள். அவர்கள் தெருவில் கல்லூரிக்கு வந்த முதல் பெண்ணும் அவள்தான். கூட்டாண்மைச் சட்டம் நடத்திய அன்று ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு யாருக்காவது புரிந்ததா என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. இவள் எழுந்து, "படகு ஒருத்தருது, வலை ஒருத்தருது, உழைப்பு நாலு பேருது. கரைக்கு வந்ததும் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சத்த நாலு பேரும் பிரிச்சிக்கிறது. அதானே சார்?" என்றாள். ஆசிரியர் சிரித்தேவிட்டார். "அதேதாம்மா. இந்தப் புத்தகத்த எழுதினவன் உங்க ஊருக்கு வந்துட்டுப் போயிருப்பான்" என்றார்.

அவளுடைய அப்பா அவளைச் சேர்க்கும்போதே கணக்காகச் சொல்லிவிட்டார். "மூணு வருசம். நாலாவது வருசம்னு ஒண்ணு கெடையாது. பாஸோ பெயிலோ, மூணு முடிஞ்சா கல்யாணம்." இதை அவள் பழைய ஜோக் மாதிரி எங்களிடம் சொல்வாள். ஆனால் ஒரு பேப்பர்கூட அவள் தவறவிட்டதில்லை. ஒரு நாள் பஸ் வராதபோது நாலு மைல் நடந்து வந்து, ஈரப் பாவாடையோடு பரீட்சை எழுதினாள்.

எனக்கு இரண்டாம் வருடம் நடுவில் கல்யாணம் ஆனது. அவருக்குப் பாண்டிச்சேரியில் அரசு அலுவலகத்தில் வேலை. படிப்பு முடியும்வரை நான் காரைக்காலில் அம்மாவோடு இருப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். அப்பா முன்பே தவறிவிட்டார். மூன்றாம் வருடம் தொடங்கும்போது நான் கர்ப்பமாக இருந்தேன். மசக்கையில் பல நாள் வகுப்புக்குப் போகவில்லை. வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்களே என்ற கவலை வாந்தியைவிட அதிகமாக என்னைப் படுத்தியது. "பிள்ளய நெனைச்சிக்கடி, ரெஜிஸ்டர நெனைக்காத" என்பாள் அவள்.

ஜனவரியில் எதிர்பார்த்த குழந்தை டிசம்பர் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. காலை ஏழு மணி இருக்கும். நல்ல மழை. நோட்டு கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம் என்று அவள் வந்திருந்தாள். நான் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலடியில் நீர் வழிந்தது. அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். இவள்தான் ஓடிப்போய் ரிக்‌ஷா கூட்டி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் மகன் பிறந்துவிட்டான். நர்ஸ் துணியில் சுற்றி அவள் கையில்தான் முதலில் கொடுத்தார். "என்னடி இது, நெத்திலி மாதிரி இருக்கான்" என்றாள்.

பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நகராட்சி அலுவலகத்தை எங்கள் ஊரில் பெரியவர்கள் மேரி என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். குழந்தை பிறந்தால் மூன்று நாளுக்குள் மேரியில் போய் அறிவிக்க வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் ஜெபத்துக்கு அடுத்தபடி. பழைய முறைப் பதிவில் குழந்தை, தாய், தகப்பன் பெயர்கள் மட்டும் இருக்காது. வந்து அறிவித்தவர் யார், அவர் வயது என்ன, தொழில் என்ன, எத்தனை மணிக்கு வந்தார், பிறப்பை நேரில் பார்த்தாரா, எல்லாம் இருக்கும். என் கணவர் ஊரில் இல்லை. அம்மா என்னை விட்டு நகர மாட்டார்.

"நான் போறேம்மா. நான்தானே பாத்தேன்" என்று இவள் கிளம்பினாள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு. "தொழில் என்னன்னு கேட்டாரு. மாணவின்னு சொன்னேன். அப்படியே எழுதிட்டாருடி. மசிப் பேனாவுல கையெழுத்துப் போட்டேன்." அன்றைய மூன்றாவது மணி, அதாவது பதினொரு மணி, கணக்குத் தணிக்கை வகுப்பு. போகவில்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம். நீ தூங்கு" என்றாள்.

பிறகு நாற்பது நாள் வாசல்படி தாண்டவில்லை. அது அம்மாவின் சட்டம். பொங்கல் விடுமுறைக்கு என் கணவர் வந்தார். கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம்: பிரசவத்தால் வர இயலவில்லை, வருகைக் குறைவை மன்னித்துப் பரீட்சைக்கு அனுமதிக்க வேண்டும். டாக்டர் சான்றிதழை இணைத்தோம். அதோடு மேரியிலிருந்து குழந்தையின் பிறப்புப் பதிவையும் வாங்கி வந்திருந்தார். சின்ன நகல் அல்ல, முழு நகல்.

இங்கே பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பிரான்சில் இருப்பார், அல்லது அங்கிருந்து பென்ஷன் வரும். ஒரு எழுத்து மாறினால் பணம் நின்றுவிடும் என்ற பயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எதற்கும் முழு நகலை வைத்துவிடுவோம். பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்க்காரன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். "முழு நகலே இருக்கட்டும். அப்பதான் ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான்" என்றார் அவர். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

பொங்கல் முடிந்து கல்லூரி திறந்த அன்று பிற்பகல் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். எழுத்தர் அரைநாள் விடுப்பில் இருந்தாராம். தட்டில் வைத்துவிட்டுப் போங்கள், நாளைக் காலை வந்து பார்ப்பார் என்று பியூன் சொன்னாராம்.

அன்று மாலை கல்லூரி விட்டதும் அவள் வந்தாள். குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "ஒனக்கு ஒரு சேதி. நீ ஒருநாள்கூட லீவு இல்ல" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"டிசம்பர்லேந்து நாங்க மாத்தி மாத்தி ஒனக்குக் குரல் குடுத்துக்கிட்டுதான் இருக்கோம். இப்ப ஒனக்குப் பரீட்சைக்கு வேண்டியதவிட ஜாஸ்தியாவே இருக்கு. பிள்ள பொறந்த அன்னைக்கிக் கூட நீ ப்ரெசென்ட். நானும் ப்ரெசென்ட். அன்னைக்கி மூணு எண்ணுக்கு ஒருத்தியே குரல் குடுத்தாளாம். தொண்டை கட்டிப்போச்சுன்னு சொல்லிச் சிரிக்கிறா."

நான் சிரிக்கவில்லை. பிறப்புப் பதிவின் வரிகள் வார்த்தை மாறாமல் என் கண் முன்னால் வந்தன. காலை எட்டரை மணிக்குப் பிறப்பு. பதினொரு மணிக்கு அறிவித்தவர் இன்னார், வயது இருபத்தொன்று, மாணவி. அதை மத்தியானம்தான் கல்லூரியில் கொடுத்தோம் என்று எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. சொன்னேன்.

அவள் குழந்தையை மெதுவாகப் பாயில் விட்டாள். "முழு நகலா?"

"முழு நகல்."

துணியை இழுத்து அவனுக்குப் போர்த்தினாள். பிறகு, "நம்ம கிளாஸ் பொறுப்பு தணிக்கை சார்தான். அவருகிட்டதான் போகும். ரெண்டு காகிதத்த பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாருங்கன்னு வருசம் பூரா அவருதானே சொல்லிக் குடுத்தாரு" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கிக் காலையில எழுத்தர் வர்றதுக்கு முன்னாடி ஒங்க வீட்டுக்காரர விட்டு எடுத்துடு. டாக்டர் சீட்டு மட்டும் போதும்னு சொல்லி மாத்தி வெச்சிடு. எனக்கு நாலாவது வருசம் கெடையாதுடி."

எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். சத்தியம் செய்யவில்லை. ஆனால் சொன்னேன்.

மறுநாள் காலை என் கணவர் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார். பத்து மணி பஸ். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில்தான் கல்லூரி. 'ஒரு எட்டு ஆபீசுக்குள்ள போய் நேத்துக் குடுத்த காகிதத்த வாங்கிட்டுப் போங்க' என்று சொன்னால் போதும். அவர் காரணம் கேட்டிருப்பார், கோபப்பட்டிருப்பார், ஆனால் போயிருப்பார். நான் அவருக்கு இட்லி வைத்தேன். சட்னி வைத்தேன். குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். அவர் செருப்பு மாட்டும்போது வாசல்வரை போனேன்.

"என்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க. போயிட்டு லெட்டர் போடுங்க" என்றேன்.

என்ன நினைத்தேன்? விண்ணப்பத்தில் இருப்பது உண்மைதானே, உண்மையான காகிதத்தை எதற்குத் திருட்டுத்தனமாக எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்டால்தான் சந்தேகம் வரும் என்றும் நினைத்தேன். எத்தனை காகிதம் வருகிறது, யார் எல்லாவற்றையும் படிக்கப்போகிறார்கள் என்றும். அவருக்குத் தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்றும். இன்னொன்றும் நினைத்தேன், எழுதக் கூசுகிறது: குரல் கொடுத்தது கண்டுபிடிக்கப்பட்டால் என் பொய் வருகை போய்விடும், அப்போது எனக்கென்று கையில் இருப்பது அந்த விண்ணப்பம் ஒன்றுதான். இதில் எது முதலில் வந்தது, எதை நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டேன் என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மாலை அவள் ஓட்டமாக வந்தாள். வாசலிலேயே, "எடுத்தாச்சா?" என்றாள்.

"அவரு பஸ்ஸக்கூட விட்டுட்டுப் போயிட்டு வந்தாரு. அதுக்குள்ள எழுத்தர் எடுத்து உள்ள அனுப்பிட்டாராம்" என்றேன்.

அந்தப் பொய் என் வாயிலிருந்து அவ்வளவு இயல்பாக வந்தது. நான் பயந்துபோனேன். அதுவரை அம்மாவிடம்கூடப் பெரிய பொய் சொன்னதில்லை. அவளோ என் தோளைத் தட்டினாள். "விடு. நீ என்ன பண்ணுவ. அண்ணன் போய் நின்னாரே, அதுவே பெருசு" என்றாள்.

பத்து நாள் கழித்து எங்கள் இருவரையும் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கைக்குழந்தையோடு போனேன். மேசைமேல் வருகைப் பதிவேடும் முழு நகலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. தணிக்கை ஆசிரியர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் இது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

முதல்வர் என்னிடம் கேட்டார். "உங்க பேர்ல டிக் விழுந்திருக்கு. உங்களுக்குத் தெரியுமாம்மா?"

விண்ணப்பம் எழுதும்போது தெரியாது. கொடுத்த அன்று மாலையே தெரியும். இரண்டில் எதைக் கேட்கிறார் என்று யோசித்தேன்.

"அவளுக்குத் தெரியாது சார். அவ படுக்கையில கெடந்தா" என்று பக்கத்திலிருந்து பதில் வந்தது. "நான்தான் குரல் குடுத்தேன்."

"இந்தத் தேதியில நீங்க மேரியில இருந்திருக்கீங்க. பதினோரு மணிக்கு. அப்ப வகுப்புல உங்க ரெண்டு பேருக்கும் குரல் கொடுத்தது யாரு?"

அவள் தலை குனிந்து நின்றாள். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் வாய் திறக்கவில்லை. மற்ற மூவரில் ஒருத்தியின் பெயரைச் சொல்லியிருந்தால் குற்றம் பங்கு பிரிந்திருக்கும். மடியில் குழந்தை அழத் தொடங்கியது. "நீங்க வெளியில போய் உக்காருங்கம்மா" என்று முதல்வர் என்னிடம் மரியாதையாகச் சொன்னார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தேன். உள்ளே அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. என் பொய் வருகைகளை அடித்துவிட்டு, பிரசவத்தை முன்னிட்டு என்னைப் பரீட்சை எழுத அனுமதித்தார்கள். நேர்மையாகப் பதிவை இணைத்ததற்காக முதல்வர் என்னைப் பாராட்டினாராம். எழுத்தர் சொன்னார். அவளை அந்த வருடம் பரீட்சை எழுத விடவில்லை. அடுத்த வருடம் திரும்பப் படிக்கலாம் என்றார்கள்.

அவளுடைய அப்பா கல்லூரிக்கு ஒரே ஒரு முறைதான் வந்தார். வராந்தாவில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "திருடினாளா ஐயா?" என்று பியூனிடம் கேட்டார். இல்லை, சிநேகிதிக்காகப் பொய்க் குரல் கொடுத்தாள் என்று பியூன் விளக்கினார். அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கா? எங்க ஊருல கடலுக்கு வர முடியாதவனுக்கும் பங்கு எடுத்து வெப்போமே" என்றார். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சண்டை போடவில்லை. நாலாவது வருடம் பற்றி யாரும் அவரிடம் பேசவும் இல்லை. அந்த மே மாதமே நாகப்பட்டினத்தில் கல்யாணம். நான் பாஸ் செய்தேன். இரண்டாம் வகுப்பு.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு கடிதம் வரும், போகும். என் கணவருக்குக் காரைக்காலுக்கே மாற்றலாகிவிட்டது. மகன் பள்ளிக்குப் போகிறான். மகளுக்கு இரண்டு வயது.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். நாகப்பட்டினத்தில் இறால் ஏற்றுமதிக் கொட்டகை ஒன்றில் கணக்கு எழுதுகிறாளாம். பட்டம் இருந்தால் மேற்பார்வை வேலை தருவார்களாம். கையில் அஞ்சல்வழிப் படிப்புக்கான விண்ணப்பப் படிவம். "எங்க வீட்டுக்காரரே வாங்கிக் குடுத்தாரு. நாலாவது வருசம் கடைசியில வந்துடிச்சி பாரு" என்று சிரித்தாள். படிவத்தில் ஓர் இடம், முன்பு படித்த படிப்பு எதனால் நின்றது என்று கேட்டிருந்தது. "இத எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரியல. நீதான் எழுதித் தரணும். நீ எழுதினாத்தான் சரியா இருக்கும்" என்றாள்.

என் கணவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் திரும்பினாள். "அண்ணே, அன்னைக்கி பஸ்ஸ விட்டுட்டு எனக்காக ஆபீஸ்ல போய் நின்னீங்க. நேர்ல ஒரு வார்த்த சொல்லணும்னு இத்தினி வருசமா நெனைச்சிக்கிட்டே இருந்தேன்."

அவர் பேப்பரை இறக்கினார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் எதையும் மறுக்கவில்லை. "இருக்கட்டும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கொண்டுவர மறந்த ஒரு சான்றிதழோடு அடுத்த மாதம் முதல் ஞாயிறு திரும்ப வருவதாகச் சொல்லி அவள் போனாள். பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் அவர் கேட்டார்: "நான் எங்க போய் நின்னேன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர், "என்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஆனால் அவளிடம் சொல்லிவிடு என்றோ சொல்லாதே என்றோ ஒன்றும் சொல்லவில்லை. அது உன் விஷயம் என்பதுபோல இருக்கிறார்.

இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. சொன்னால் என் மனது லேசாகும். ஆனால் அவள் ஆறு வருடம் கழித்துப் படிப்பைத் தொடப்போகிற நேரம் இது. நாலு பேர் செய்த தப்புக்குத் தான் மாட்டிக்கொண்டோம் என்று சிரித்துக்கொண்டு வாழ்கிறவளிடம், 'இல்லை, நான் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை, அதன்மேல் பொய்யும் சொன்னேன்' என்று சொன்னால் அந்தப் படிவத்தை அவள் என் கையில் விடுவாளா? விடாமல் கிழித்துப் போட்டுவிட்டால்? சொல்லாமலே, அவள் படிப்பு எதனால் நின்றது என்ற கட்டத்தை என் கையெழுத்தில் நிரப்பி அனுப்பவும் எனக்குத் துணிவில்லை. பட்டம் வாங்கியபிறகு சொல்லலாம் என்று ஒரு மனம் சொல்கிறது. அது இன்னொரு பத்து மணி பஸ் இல்லையா என்று இன்னொரு மனம் கேட்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் என் இடத்தில் இருந்தவர்கள் இருக்கலாம். அவள் இடத்தில் இருந்தவர்களும் இருக்கலாம். அவர்களுடைய பதில்தான் எனக்கு முக்கியமாகத் தேவை. உங்களுக்கு ஒருத்தி இப்படிச் செய்திருந்தால், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? படிவத்தை நிரப்புவதற்கு முன்பா, பின்பா? தயவுசெய்து எழுதுங்கள். முதல் ஞாயிறுக்குள் கிடைக்கும்படி எழுதினால் நல்லது.